திரைகாத்த அம்மனுக்கு வெள்ளி வள்ளம்

யாழ்ப்பாணத்தில் சொல்லிக்கொள்ளும்படியாக ஆறு இல்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஜெனிற்றா ‘ஆற்று வழியே பழங்கோயில்கள்’ என்று ஒரு நாள் சுற்றுலாவைத் தொடங்கினாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். தொண்டைமானாறு என்று பேரிலேயே ஆறு இருக்கிறது, பிறகென்ன குறை என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது கடல் உள்ளே நுழைந்து படுத்துக் கிடக்கும் நீரேரி என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சரித்திரம் படித்துப் பட்டம் எடுத்தவள். ஆனால் மாரி ஓய்ந்து தை பிறந்ததும் இரு கரையும் முட்டத் தண்ணீர் நிற்கும். கண்டல் மரங்களுக்கு நடுவே படகு ஊர்ந்து போகும். அப்போதும் அதை ஆறு என்று ஒப்புக்கொள்ளாத ஆள் வீம்புக்காரனாகத்தான் இருக்கவேண்டும்.

அவள் அரியாலை மெதடிஸ்தக் குடும்பத்துப் பெண். படகோட்டி கனிசியஸ் கத்தோலிக்கர். இரண்டு வேதக்காரர் சேர்ந்து சைவக் கோயில் காட்டித் திரிகிறார்கள் என்று ஊரில் ஒரு பகிடி உலாவியது. பயணிகள் அதைக் கேள்விப்படுவதற்கு முன் ஜெனிற்றாவே சொல்லி முந்திக்கொள்வாள். கோயிலைப் பற்றி அவளிடம் கேட்டு மடக்கியவர் இதுவரை இல்லை. தேங்காய் எந்தப் பக்கம் விழுந்தால் என்ன பலன் என்பது வரைக்கும் சொல்லுவாள். கும்பிடுவது மட்டும் அவள் வேலை இல்லை. வாசலில் நின்று கதை சொல்லி ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டு, செருப்புக்குக் காவல் இருப்பாள். தன் படகில் ஏறிய எவரும் கடைசிக் கோயிலைக் காணாமல் திரும்பியதில்லை என்பதுதான் அவளுடைய பெருமை.

அந்தத் தை மாதக் காலையில் வந்தவர்கள் இரண்டே பேர். ரொறன்ரோவிலிருந்து வந்த சோமசேகரமும் அவருடைய தங்கை சிவக்கொழுந்தும். முழுப் படகையும் தங்களுக்கென்றே பேசியிருந்தார்கள். சோமசேகரம் இதே கரையில் பிறந்தவர். பாட்டன் காலத்தில் கப்பல் ஓட்டிய குடும்பம். இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பட்டு வேட்டியும் வெள்ளை ஓட்டச் சப்பாத்துமாக வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாகப் படகின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தப் பலகையில் ஜெனிற்றாவின் பெயரும் போன் நம்பரும் தூரத்தில் நிற்பவர் வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அடக்கம் அவளுக்கு அவ்வளவாக வராது.

சிவக்கொழுந்து மடியில் ஒரு சிவப்புப் பட்டுப் பொட்டலத்தை வைத்திருந்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளி வள்ளம். பாய்மரம், சுக்கான் எல்லாம் வைத்து, கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் செய்வித்தது. கடைசியாகப் பார்க்கப்போகிற திரைகாத்த அம்மன் கோயிலுக்கு அது நேர்த்திக்கடன்.

முதலில் சந்நிதி முருகனிடம் போனார்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் செய்கிற பூசையை ஜெனிற்றா வெளியில் நின்றே விளக்கியிருந்தாள். இருவரும் கண்ணை மூடி உருகிக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். படியிறங்கிச் சப்பாத்தை மாட்டும்போதுதான் சோமசேகரத்தின் போன் நடுங்கத் தொடங்கியது.

“ஆரபி எடுக்கிறாள்,” என்றார். “கோயிலுக்குள்ளை நிக்கேக்கையும் எடுத்திருக்கிறாள் போலை.”

“எடுக்காதேங்கோ, சின்னண்ணை.”

“ஏதும் அவசரமோ தெரியாது.”

“அவசரம் எண்டபடியால்தான் எடுக்காதேங்கோ எண்டு சொல்லுறன்.” சிவக்கொழுந்து போனை வாங்கி நிறுத்தினார். தன்னுடையதையும் நிறுத்தினார். இரண்டையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து கைப்பையின் அடியில் போட்டார். பிறகு ஜெனிற்றாவைப் பார்த்தார். “பிள்ளை, நீர் ஒண்டும் நினையாதையும். எங்கடை பெரியண்ணை அங்கை ஆசுப்பத்திரியிலை கிடக்கிறார். சுவாசப்பை பழுதாப்போச்சு. ஆரபி அவரின்ரை மகள். இந்த நேரம் அங்கை நடுச்சாமம். நடுச்சாமத்திலை வாற போன் என்ன சொல்லும் எண்டு உமக்கே தெரியும்.”

இறப்புத் துடக்கு என்றால் என்னவென்று ஜெனிற்றாவுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. பங்காளி வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் குடும்பமே ஒரு மாதத்துக்குக் கோயில் வாசல் மிதிக்க முடியாது. ஆனால் சிவக்கொழுந்தின் கணக்கில் ஒரு நுணுக்கம் இருந்தது. செத்த நேரத்திலிருந்து அல்ல, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு. காதில் விழாத வரைக்கும் பெரியண்ணை உயிரோடு இருக்கிறார், இவர்கள் சுத்தமாக இருக்கிறார்கள், நேர்த்தியைத் தாராளமாகச் செலுத்தலாம். நாளைக்கு விமானம். இன்று மத்தியானப் பூசைக்குப் பிறகு அம்மன் கோயில் கதவு பூட்டினால் அடுத்த வெள்ளிக்குத்தான் திறக்கும். ஆகவே மத்தியானம் வரைக்கும் ஒன்றும் காதில் விழக்கூடாது.

ஜெனிற்றாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. நீதிமன்றத்தில் நிற்கவேண்டிய பெண்மணி, தவறிப்போய் என் படகில் ஏறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். “பயப்பிடாதேங்கோ, அன்ரி. மத்தியானப் பூசைக்கு முதல் அம்மன்ரை வாசல்லை கொண்டுபோய் இறக்குறது என்ரை பொறுப்பு,” என்றாள். கனிசியஸ் எஞ்சினைத் தட்டிவிட்டார்.

படகு தெற்கே திரும்பியது. வாடைக்காற்று முதுகில் அடித்தது. ஆழமில்லாத ஓரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நின்றன. வழக்கமாக இந்த இடத்தில் ஜெனிற்றா போர்த்துக்கேயர் இடித்த கோயில்களின் கதையைத் தொடங்குவாள். இன்று சோமசேகரம் முந்திக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் ஓர் இரவு, அண்ணன் குலசேகரம் சிறுவள்ளம் ஒன்றில் இந்தியாவுக்கு வெளிக்கிட்டார். வீட்டில் சொல்லாமல் போனார். மறுநாள் கடலில் துவக்குச் சூடு என்று கதை வந்தது. பிறகு ஒரு தகவலும் இல்லை. தாய் படுக்கையில் விழுந்தாள். சோமசேகரம் அப்போது மீசை அரும்பிய பையன் இல்லை, வேலை தேடுகிற வயது; ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரைகாத்த அம்மனிடம் போனார். அண்ணை உயிரோடு கரைசேர்ந்தால் வெள்ளியில் வள்ளம் செய்து வைப்பேன் என்று அழுதார். மாதக் கணக்கில் காத்திருந்த பிறகு இந்தியக் கரையில் மண்டபம் அகதி முகாமிலிருந்து கடிதம் வந்தது. ஆள் சுகம்.

“பேந்து நானும் வெளிக்கிட்டிட்டன். கொழும்பு, ஜேர்மனி, கனடா. இப்ப செய்வம், பிறகு செய்வம் எண்டு தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு…” சோமசேகரம் தண்ணீரைப் பார்த்தார். “அண்ணைக்கு இந்த நேர்த்தி தெரியாது. நான் சொல்லேல்லை. சொன்னால் சிரிப்பான்.”

“அம்மன் தன்ரை வள்ளத்தைக் கேக்கிறா,” என்றார் சிவக்கொழுந்து. “அதுதான் அண்ணை கிடக்கிற கிடை. வள்ளத்தைக் குடுத்தால் விடுவா. விடாட்டியும், குடுக்காமல் அனுப்பினம் எண்ட சொல் எங்களுக்கு வரக்கூடாது.”

எதையும் ஆராய்ந்து பார்க்கிற ஜெனிற்றாவுக்கு இதை ஆராயத் தோன்றவில்லை. அந்த மனிதர் உண்மையில் கலங்கிப்போய் இருந்தார். இவரை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்பது அவளுக்கு வேலையாக மட்டும் தெரியவில்லை. எஞ்சினைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிக் கனிசியஸுக்குக் கண்ணைக் காட்டினாள்.

இரண்டாவது கோயில் பனங்கூடலுக்குள் இருக்கிற ஒரு பிள்ளையார். கடலில் வெட்டிய முருகைக்கல்லில் கட்டிய கருவறை மட்டும்தான் பழசு. மற்றதெல்லாம் வெளிநாட்டுக் காசில் எழும்பிய கொங்கிறீற்றும் பளபளக்கும் மாபிளும். அண்ணனும் தங்கையும் உள்ளே போனார்கள். ஜெனிற்றா இறங்குதுறையில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். அடுத்த கிழமைக்கு ஆள் பிடிபட்டிருக்கிறது என்று சந்தோஷமாக எடுத்தாள்.

“அக்கா, நீங்கள் போட் ஓடுறவையோ? நான் ஆரபி. சித்தப்பா குறூப்பிலை போட்ட படத்திலை உங்கடை நம்பர் இருந்தது. சித்தப்பா உங்களோடையோ நிக்கிறார்?”

ஜெனிற்றா கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். துடக்கு அவளை ஒன்றும் செய்யாது, அது தெரியும். ஆனாலும் இந்தச் செய்தியை உலகத்திலேயே தான் ஒருத்தி காதில் வாங்கி வைத்துக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் பூநாரையைக் காட்டிக் கதை சொல்லவேண்டுமே என்று நினைக்கப் பயமாக இருந்தது.

“ஓம், என்னோடைதான். கோயிலுக்குள்ளை நிக்கினம். தங்கச்சி, அப்பா…”

“அப்பா முழிச்சிட்டார்.”

“என்ன?”

“நேற்று முழுக்க நினைவில்லை. இப்ப முழிச்சிருந்து கதைக்கிறார். மாஸ்க்கைக் கழட்டிப்போட்டு, சோமு எங்கை, சோமுவோடை கதைக்கவேணும் எண்டு நிக்கிறார். நானும் எடுத்து எடுத்துப் பார்க்கிறன், ரெண்டு பேரின்ரை போனும் வேலை செய்யேல்லை. டொக்டர் சொல்லுறார், விடியுமட்டும் தாக்காட்டுறது கஷ்டமாம். அக்கா, அவரைக் கூப்பிடுங்கோவன்.”

ஜெனிற்றா ஐந்து நிமிடத்தில் எடுப்பதாகச் சொல்லி வைத்தாள். செத்துப்போனார் என்று சொல்லப்போகிறார்கள் என்ற பயத்தில் இரண்டு பேரும் போனை முடிந்து வைத்துக்கொண்டு அலைகிறார்கள். அந்த மனிதரோ அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பியைத் தேடுகிறார். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம்தான் வந்தது. நடுச்சாமத்துப் போன் ஒன்றைத்தான் சொல்லும் என்று யார் சட்டம் போட்டது?

அவர்கள் வந்து படகில் ஏறி உட்காரும் வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு முன்னால் போய் நின்றாள். “அங்கிள், ஒரு கதை சொல்லவேணும். ஆரபி எனக்கு…”

அவ்வளவுதான். சிவக்கொழுந்து இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார். “பிள்ளை, ஒண்டும் சொல்லாதையும். உமக்குப் புண்ணியமாப் போகும்.”

“அன்ரி, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.”

“அப்பிடித்தான் எல்லாரும் தொடங்குவினம். செத்தவீட்டுக்குக் கூப்பிடேக்கையும், ஒண்டும் இல்லை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ எண்டுதான் சொல்லுவினம். எங்களுக்குத் தெரியாதே?” காதைப் பொத்திய கையை எடுக்காமலே சொன்னார். அதில் ஜெனிற்றாவால் மறுக்க முடியாத ஓர் உண்மை இருந்தது. இந்த ஊரில் கெட்ட செய்தி ஒருநாளும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்ததில்லை.

அவள் சோமசேகரத்தைப் பார்த்தாள். அவர் காதைப் பொத்தவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பிள்ளை, நீர் கோயிலைப் பற்றி மட்டும் சொல்லும்,” என்றார் மெதுவாக.

அந்தக் குரலைக் கேட்டபோதுதான் ஜெனிற்றாவுக்கு விளங்கியது. துடக்குக் கணக்கெல்லாம் தங்கையினுடையது. இவருக்கு வேறு கணக்கு. போன் நின்றிருக்கும் வரைக்கும் இவருக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். அதை விட்டுக்கொடுக்க இந்த மனிதருக்குத் துணிவில்லை. அவள் பின்னால் கனிசியஸிடம் போய் உட்கார்ந்தாள். என்ன செய்ய என்று கேட்டாள்.

“விடு, தங்கச்சி. அது அவையின்ரை முறை. இன்னும் அரை மணித்தியாலத்திலை வள்ளத்தை வச்சிட்டு வந்திடுவினம். பேந்து சொல்லு.”

சரியான யோசனைதான். எல்லாரையும் சமாளிக்கிற யோசனை. ஜெனிற்றா போனை எடுத்து ஆரபிக்கு எழுதினாள்: அரை மணித்தியாலம் பொறுக்க ஏலுமோ? பதில் உடனே வந்தது. ‘இப்ப முழிச்சிருக்கிறார் அக்கா. பிறகு எண்டு என்னாலை சொல்லேலாது.’

எதிரே அம்மன் கோயில் தெரியத் தொடங்கியிருந்தது. கரையோடு ஒட்டிய சின்னக் கோயில். வாசல்படி தண்ணீருக்குள்ளேயே இறங்குகிறது. படகைக் கட்டினால் பத்துப் பதினைந்து அடியில் வாசல். பூசைக்கான முதல் மணி அடித்தது. ஐயர் ஒற்றையாள். பூசை முடிந்த கையோடு கதவைச் சாத்திவிட்டு மோட்டார்சைக்கிளில் அடுத்த கோயிலுக்குப் பறந்துவிடுவார்.

இருவரில் ஒருவருக்கு அநியாயம் நடக்கத்தான் போகிறது, அம்மனுக்கோ அண்ணனுக்கோ. அம்மன் இத்தனை வருடம் பொறுத்தவள். ஜெனிற்றா அதற்கு மேல் யோசிக்கவில்லை. கேட்டால் மறுப்பார்கள், ஆகவே கேட்கவில்லை. ஆரபியின் நம்பரை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டாள். முன்னால் போய், அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இருந்த பலகையில் போனை வைத்தாள். கனிசியஸ் எஞ்சினை நிறுத்தினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சிவக்கொழுந்து மறுபடி காதைப் பொத்தினார். ஆனால் குலசேகரத்தின் குரலுக்கு அந்தக் கை போதாது.

“டேய் சோமு. எங்கையடா போய்த் துலைஞ்சனி?”

மூச்சு வாங்கியது. வார்த்தைக்கு வார்த்தை நடுவில் ஏதோ யந்திரம் உறுமியது. ஆனாலும் அது ஏசுகிற குரல்தான். சோமசேகரம் போனை நோக்கிக் குனிந்தார். சிவக்கொழுந்தின் கைகள் தானாகக் கீழே இறங்கின.

“பெரியண்ணை?” என்றார் அவர். “நீங்களோ கதைக்கிறது?”

“இல்லை, என்ரை ஆவி. ஏன் ரெண்டு பேரும் போனை நிப்பாட்டி வச்சிருக்கிறியள்?”

சிவக்கொழுந்து கைப்பையைப் பின்னால் தள்ளி வைத்தார். சொல்லக்கூடிய பதிலா அது?

“நான் செத்துப்போனன் எண்டு நினைச்சியள்,” என்றது குரல். “செத்தவன் போன் எடுப்பானோடா? உயிரோடை இருக்கேக்கைதான் எடுக்கலாம்.” இருமல் வந்தது. நீண்ட இருமல். படகில் இருந்த நான்கு பேரும் அது முடியும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். “எங்கை நிக்கிறியள்?”

“திரைகாத்த அம்மனடியிலை, அண்ணை,” என்றார் சோமசேகரம். “உனக்கு ஒரு நேர்த்தி வச்சனான். நீ அண்டைக்கு வள்ளத்திலை போய்க் காணாமல் போனாயெல்லோ, அப்ப. வெள்ளி வள்ளம். அதைக் குடுக்கத்தான் வந்தனான்.”

பிறகு குலசேகரம் சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சுத்திணறலாக முடிந்தது. “இவ்வளவு காலமாச் சொல்லேல்லையேடா.”

“சொன்னால் சிரிப்பாய் எண்டு.”

“சிரிச்சன்தானே இப்ப.” மறுபடி மூச்சு. குரல் திடீரென்று இறங்கியது. “சோமு. அண்டைக்கு வள்ளத்திலையும் எனக்குப் பயமில்லை. சூடு விழேக்கையும் பயமில்லை. இப்ப பயமாயிருக்கு. முழிச்ச நேரந்தொட்டு மேலை லைற்றைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறன். பிள்ளையளுக்குச் சொல்லேலாது. நீ கொஞ்சநேரம் கதைச்சுக்கொண்டிரு.”

சோமசேகரம் போனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். கண்ணீர் தாராளமாக வழிந்தது, துடைக்கவில்லை. “நான் இருக்கிறன், அண்ணை. எங்கையும் போகேல்லை. கதை, நான் கேக்கிறன்.”

கோயிலில் இரண்டாவது மணி அடித்தது. திரை விலகும் மணி. சிவக்கொழுந்து கோயிலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மடியில் இருந்த பட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார். “சின்னண்ணை, பூசை,” என்று உதடு மட்டும் அசைந்தது. சோமசேகரம் தலையை ஆட்டினார். நேர்த்தி வைத்தவர் அவர். அவரே வரமாட்டேன் என்கிறார். சரி, தானாவது போவோம் என்று சிவக்கொழுந்து எழுந்தார். “கொழுந்தும் நிக்கிறாளோ பக்கத்திலை?” என்றது போன். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நிக்கிறன், பெரியண்ணை.” சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு அழுதார். காலையிலிருந்து சட்டம் பேசிய மனுஷிக்கு இப்போது ஒரு சட்டமும் ஞாபகம் வரவில்லை.

ஜெனிற்றா குனிந்து அவர் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். “தாங்கோ, அன்ரி. நான் குடுத்திட்டு வாறன்.”

சிவக்கொழுந்து அவளை ஒருகணம் பார்த்தார். நீ வேதக்காரி அல்லவா என்ற கேள்வி அந்தப் பார்வையில் வந்துதான் போனது. ஆனால் நேரம் இல்லை. “சுவாமிக்கு வலப்பக்கம் வைக்கச் சொல்லும்,” என்றார். “செருப்பைக் கழட்டும்.”

“அது எனக்குத் தெரியும், அன்ரி.”

இதற்குள் கனிசியஸ் கோல் ஊன்றிப் படகைக் கோயில் படியருகே கொண்டுவந்திருந்தார். ஜெனிற்றா படகிலிருந்து குதித்தாள். முழங்கால் வரைக்கும் நனைந்தது. படியேறி, எந்த வாசலில் நின்று இத்தனை காலமும் கதை சொன்னாளோ அந்த வாசலைத் தாண்டி, ஈரக்காலோடு உள்ளே நடந்தாள். தயக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. உள்ளே ஐயர் தீபம் காட்டி முடித்து, கதவைப் பூட்டும் திறப்புக் கோர்வையோடு திரும்பினார். வாசலில் கண்டு பழகிய முகம் உள்ளே நிற்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“என்ன பிள்ளை, நீர் உள்ளை?”

“ஒரு நேர்த்தி, ஐயா. வெள்ளி வள்ளம். கொண்டுவந்த ஆள் வெளியிலை நிக்கிறார், வரேலாமல் போச்சு.”

“ஏன்? துடக்கோ?” ஐயர் நீட்டிய கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார்.

“இல்லை, ஐயா. துடக்கில்லை.” அதைச் சொல்லும்போது ஜெனிற்றாவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. “அவரின்ரை அண்ணைதான் ரொறன்ரோவிலை இருந்து கதைச்சுக்கொண்டிருக்கிறார். அவர் கதைக்கேக்கை போனை வச்சிட்டு வரேலாது.”

ஐயர் மறுபடி கையை நீட்டினார். பிறகு பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். வெள்ளி வள்ளத்தைத் தட்டில் வைத்து, ஒரு செம்பருத்திப் பூவைப் பாய்மரத்தில் சொருகினார். மோட்டார்சைக்கிளை அவர் மறந்துவிட்டார் போலிருந்தது. “ஆரின்ரை பேருக்கு அருச்சனை?”

“குலசேகரம்.”

“நட்சத்திரம்?”

கோயிலைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லுவாள் என்று பெயர் எடுத்தவள் திகைத்து நின்றாள். அவளுக்குச் சொந்தமாகவே ஒரு நட்சத்திரம் இல்லை. பிறந்தபோது வீட்டில் ஒருவரும் குறித்து வைக்கவில்லை. ஐயர் பரவாயில்லை, சுவாமி பேருக்கே செய்துவிடலாம் என்றார். ஜெனிற்றா ஒத்துக்கொள்ளவில்லை. வாசலுக்கு ஓடினாள்.

“அன்ரி, பெரியண்ணையின்ரை நட்சத்திரம் என்ன?”

சிவக்கொழுந்துக்கு அழுகையில் நா எழவில்லை. சோமசேகரம் போனைப் பார்த்தார். தண்ணீருக்கு மேலால், மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் திருத்தமாக வந்தது பதில்.

“விசாகம்.”

ஐயருக்கும் அது கேட்டது. இத்தனை காலப் பூசையில் நட்சத்திரம் கேட்டு, அதற்குரியவரே கடல் கடந்து பதில் சொன்னது அவருக்கு இதுதான் முதல் தடவை. அவர் பூவை அள்ளிக்கொண்டு அம்மன் பக்கம் திரும்பி, விசாக நட்சத்திரத்துக் குலசேகரத்தின் பெயரைச் சொல்லி, அவருக்கு ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டார். ஜெனிற்றா கை கூப்பவில்லை. ஆனால் செருப்புக்குக் காவல் இருக்கப் போகவும் இல்லை. கடைசிப் பூ விழும் வரைக்கும் அம்மனின் வலப்பக்கத்தில் இருந்த அந்த வெள்ளி வள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திருநீறும் சந்தனமும் வாழையிலைத் துண்டில் வந்தன. அதைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினாள். இதற்குள் ஆரபி வீடியோவைப் போட்டிருந்தாள். போனில் குலசேகரத்தின் முகம் தெரிந்தது. நரைத்த தாடி, ஒட்டிய கன்னம், மூக்கில் குழாய். கண்கள் மட்டும் பிரகாசமாக இருந்தன. வள்ளத்திலிருந்து வாந்தி எடுத்தபடி மண்டபத்தில் இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சோமசேகரம் முதல் தடவையாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வச்சாச்சு, அங்கிள். வலப்பக்கந்தான்,” என்றாள் ஜெனிற்றா.

சிவக்கொழுந்து திருநீற்றை விரலில் தொட்டு, கனடாவில் கிடக்கிற அண்ணனின் நெற்றியில், போன் கண்ணாடி முழுக்கப் பரவும்படி, அழுத்திப் பூசினார். அது ஜெனிற்றாவின் புதுப் போன்.

“என்னடி கொழுந்து, கையாலை மறைக்கிறாய்? எனக்குச் சோமுவைத் தெரியேல்லை.”

“திருநீறு, பெரியண்ணை. கதையாமல் கும்பிடுங்கோ.”

குலசேகரம் கும்பிட்டார். ஆனால் கதையை நிறுத்தவில்லை.